ஏழு பேர் வீட்டுக்கு எத்தனை ஸ்பீடு?



போன மாதம் கும்பகோணத்தில் அக்கா வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். முன்னால் தெரு, பின்னால் கொல்லை என்று நீண்டு கிடக்கும் பழைய வீடு அது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அதற்கப்புறம் கிணற்றடி. இரண்டாம் கட்டுக்கு மேலே மாடியில் ஓர் அறை எழுப்பி, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இளைய மகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு அவளைத் தேடி மாடிக்குப் போனேன். அறையில் ஆள் இல்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில், விளக்குகூட இல்லாத வளைவில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கொசுவை விரட்டியது, மறு கை குறிப்பெடுத்தது. "இங்கதான் சித்தி ரெண்டு கோடு காட்டுது. மேல போனா சுத்திக்கிட்டே இருக்கும்" என்றாள்.

அந்த வீட்டில் மாதாமாதம் 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

எப்படி 300 வரை போனீர்கள் என்று அத்தானிடம் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்பு 40-ல் ஆரம்பித்திருக்கிறார்கள். மருமகள் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கியதும் வகுப்பு நடுநடுவே நின்றுபோனது. போன் போட்டுக் கேட்டால், "ஸ்பீடு பத்தலை சார், பெரிய பிளானுக்கு மாத்திக்குங்க" என்று பதில். 100-க்கு மாறினார்கள். அப்புறமும் சுற்றியது. மறுபடி போன், மறுபடி அதே பதில், 300 ஆனது. ஒவ்வொரு தடவையும் பில் ஏறியது. படியில் உட்கார்ந்தவள் படியிலேயே இருந்தாள்.

அவளுக்காகத்தான் இந்த மாதப் பக்கத்தை இதற்கு ஒதுக்கினேன். "நாங்கள் ஐந்து பேர், எந்த ஸ்பீடு எடுக்கலாம்?", "100 போதுமா, 200 வேண்டுமா?" என்று உங்களிடமிருந்து வரும் கடிதங்களுக்கு ஒற்றை எண்ணைப் பதிலாக எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த எண் வீட்டுக்குள் என்ன ஆகிறது என்பதை அக்கா வீட்டில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். தமிழில் எழுதினால் டாக்டர் படிப்பும் இந்த அளவும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. "நம்ம வீட்ல யாருடா எம்பிபிஎஸ் படிக்கிறது?" என்று பாட்டி (அக்காவின் மாமியார், எங்கள் எல்லோருக்கும் பாட்டி) ஒரு தடவை நிஜமாகவே கேட்டாராம். ஆகையால் இனி மெகாபிட் என்றே சொல்கிறேன். 100 மெகாபிட் என்றால் ஒரு நொடியில் அத்தனை மெகாபிட் வந்து சேரும் என்று பொருள். ஆனால் நம் போனில் படமும் பாட்டும் எம்பி, ஜிபி என்று பைட் கணக்கில் இருக்கின்றன. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். பழைய வாய்ப்பாட்டில் எட்டு படி ஒரு மரக்கால் என்று படித்தோமே, அதே கணக்கு. 100 மெகாபிட் இணைப்பில் ஒரு ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 12.5 எம்பி என்றுதான் திரையில் காட்டும். "100 சொல்லிட்டு 12தான் தர்றாங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள் படியில் வாங்கியதை மரக்காலில் அளந்து பார்க்கிறார்கள். நெல் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். போன மாதத்துக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ராத்திரி எட்டு மணிக்கு யார் யார் நெட்ல என்ன பண்றீங்க?"

வீட்டில் எத்தனை போன், எத்தனை டிவி என்று எண்ணிப் பயனில்லை. கல்யாண மண்டபத்தில் வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தா இலை போடுகிறோம்? ஒரு பந்திக்கு எத்தனை பேர் என்றுதானே பார்க்கிறோம். சார்ஜரில் கிடக்கும் போன் பந்தியில் உட்காரவில்லை. ஒரே நேரத்தில் ஓடுகிறவை மட்டுமே கணக்கு.

அத்தான் புதிதாக வாங்கிய பெரிய டிவியில் கிரிக்கெட் பார்ப்பார். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் 15 மெகாபிட் இருக்கட்டும் என்கிறது, யூடியூப் 20 என்கிறது. 20 என்று எழுதினேன். மூத்த மகன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். ராத்திரியில் அமெரிக்காக்காரர்களோடு வீடியோ மீட்டிங். ஜூம் போன்றவற்றில் முகம் தெளிவாகத் தெரிய 3, தாராளமாக வைத்தால் 4. மருமகள் அதே நேரத்தில் துபாய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கும் 4. பேரன் டேப்லெட்டில் யூடியூப் பார்ப்பதற்கு 5. அடுப்படி வேலை முடித்துவிட்டு அக்கா போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் குட்டி வீடியோக்களுக்கு 5. மாடிப்படியில் ஓடும் பாட வீடியோவுக்கு 3. கூட்டினால் 41.

தாளை மடிக்கப் போனபோது ஊஞ்சலிலிருந்து பாட்டி, "என்னை எழுதலையேம்மா" என்றார்.

அவரிடம் சொந்தமாக போன் இல்லை. அதனால் எங்களில் ஒருவருக்கும் அவர் ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ராத்திரி எட்டு மணிக்கு, கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார். பேரனிடம் டேப்லெட்டைக் கேட்டு, அவன் பார்ப்பதை முடித்துத் தரும்வரை காத்திருந்து, கிடைத்த பிறகு பேசுவார். போன வாரம் பாதியில் படம் உறைந்துபோய், மகளின் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டதாம். டேப்லெட் ஒன்றுதான் என்றாலும், இனி அவர் காத்திருக்க வேண்டாம் என்று பாட்டிக்குத் தனியாக 2 மெகாபிட். மொத்தம் 43.

இதோடு கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். யாரும் தொடாதபோதும் போன்கள் ஆப்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன, லேப்டாப் திடீரென்று அப்டேட் கேட்கிறது. கூட்டுத்தொகையில் பாதியைச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். 43-க்கு 65 வந்தது. கடையில் கிடைக்கும் பிளான்களில் அதற்கு மேலே இருப்பது பெரும்பாலும் 100. ஏழு பேர், ஏழு பேரும் ஒரே நேரத்தில், அதில் ஒன்று 4கே டிவி: அதற்கும் 100 போதும். அந்த டிவிக்கு மட்டுமே பாதி போகிறது என்பதையும் கவனியுங்கள். சாதாரண எச்டி டிவியாக இருந்தால் 20 இருக்கும் இடத்தில் 5 போதும், வீட்டின் மொத்தத் தேவையே 28-க்கு இறங்கிவிடும். 4கே டிவி இல்லாத, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 மெகாபிட் பிளான் நல்ல பிளான்தான். அதை எடுத்திருக்கிறவர்கள் எதையோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வளர்ந்து வந்தன என்பதையும் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது டெலிபோன் வயர் வழியாக வந்தது. ஒருவர் நெட்டில் இருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ்டு டோன்தான். 2004-ல் மத்திய அரசு, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. ஒரு மெகாபிட்டில் கால் பங்கு. 2023 ஜனவரியில் அந்தக் கீழெல்லையை 2 மெகாபிட்டுக்கு உயர்த்தினார்கள். காலண்டர் தாளில் பாட்டியின் பெயருக்கு நேரே இருப்பதும் அதே 2 தான்.

100-ஏ போதும் என்றால், 300 கட்டும் வீட்டில் 3 மெகாபிட் ஏன் மாடிக்குப் போகவில்லை? விடை திங்கட்கிழமை கிடைத்தது.

அன்று காலை நெட்டே இல்லை. ரேழியில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை பாக்ஸில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்பதன் அடையாளம் அது. ராத்திரி செங்கல் லாரி ஒன்று தெருவில் தாழ்ந்து தொங்கிய வயரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பதினொரு மணிக்கு ஏணியும் தோள்பையுமாக லைன் பார்க்கும் தம்பி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து கறுப்பு வயரின் தோலை உரித்தார். உள்ளேயிருந்து வெளிப்பட்டது தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு கண்ணாடி இழை. அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார், சின்னக் கருவியில் வைத்து நுனியை நேராக நறுக்கினார், இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் எதிரெதிரே படுக்க வைத்து மூடினார். மெஷினின் குட்டித் திரையில் இரண்டும் உலக்கை மாதிரி பெரிதாகத் தெரிந்தன. தாமாகவே நகர்ந்து நெருங்கின. ஒரு பொறி. இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேரன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான், நானும்தான்.

பிறகு பவர் மீட்டரை மாட்டிப் பார்த்தார். "மைனஸ் பத்தொம்பது வருதுக்கா. நல்ல லைன். மைனஸ் இருபத்தேழைத் தாண்டினாத்தான் தொல்லை" என்றார். அப்படியென்றால் மாடியில் ஏன் கிடைப்பதில்லை தம்பி என்று கேட்டேன். எழுந்து உள்ளே வந்தவர் ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை உள்ளங்கையால் தட்டினார். "இதைப் பாருங்கக்கா. ரெண்டடி கனம். செங்கலும் சுண்ணாம்பும். இந்த மாதிரி இன்னும் ரெண்டு சுவர் இருக்கு உள்ள. நீங்க ஆயிரத்துக்குப் போட்டாலும் தாண்டாது."

மூன்று வருஷமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத பதில் அது. வீட்டு வாசல்வரை வருவதற்குத்தான் பிளான். வாசலிலிருந்து அறைக்குப் போவது வைஃபையின் வேலை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை யாரும் நமக்குப் பிரித்துச் சொல்வதில்லை. பெரிய பிளான் விற்கிறவருக்கு அதைப் பிரித்துச் சொல்லும் அவசரமும் இல்லை.

அவர் போன பிறகு நாங்களே அளந்தோம். பாக்ஸோடு இணைந்து வைஃபை பரப்பும் ரவுட்டரில் லேன் கேபிளைச் செருகி லேப்டாப்பில் பார்த்தபோது 94 வந்தது. கேபிளைக் கழற்றி வேறு கேபிள் போட்டும் 94. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 200, 300 என்று பிளான் போட்டும் எந்தச் சோதனையிலும் 94-க்கு மேலே ஏறவே இல்லை என்றால், வழியில் எங்கோ 100 மெகாபிட் மட்டுமே விடக்கூடிய ஒரு குறுகல் இருக்கிறது. பழைய ரவுட்டர்களில் வயர் செருகும் துளை 100 அளவுதான் தாங்கும். லேன் கேபிளுக்குள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு அதில் நான்கு போதும், அதற்கு மேலே போக எட்டும் வேலை செய்ய வேண்டும். எட்டில் ஒன்று அறுந்திருந்தாலும் 100-க்கு விழுந்துவிடலாம். அக்கா வீட்டில் ரவுட்டர்தான் பழையது. கட்டிய 300-ல் 200 அந்த வீட்டின் எந்தப் போனையும் ஒரு நாள்கூடத் தொட்டதில்லை.

பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டை நடந்து அளந்தோம். ரேழியில் 88. கூடத்தில் 40 சொச்சம். முற்றத்தைத் தாண்டியதும் 15. மாடிப்படி வளைவில் 9. மாடி அறையில் 1, அப்புறம் ஒன்றுமில்லை.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 இன்னும் கொஞ்ச தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய பாதைகள் மூன்றே மூன்று. வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில் அக்கம்பக்கத்து பாக்ஸ்கள் எல்லாம் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இயங்குகிறது. கூடத்தில் நின்று போனில் பார்த்தபோது அக்கம்பக்கத்தார் வைஃபை பெயர்கள் பதினான்கு வந்தன. தண்ணீரும் இரும்பும் அலையைத் தடுக்கும். மீன்தொட்டி, ஃபிரிஜ், இரும்பு பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி இவற்றுக்குப் பின்னால் பாக்ஸை வைத்தால் அந்தத் திசையையே மறந்துவிடலாம். காங்கிரீட் தளத்தில் கம்பி இருப்பதால் ஒரு மாடி ஏறுவதும் கடினம்தான்.

இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பாக்ஸை மாட்டிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் அது வாசற்கதவுக்குப் பக்கம், டிவிக்குப் பக்கம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள். ஆனால் அவர் சுவரில் ஓட்டை போடுவதற்கு முன்னால், "கொஞ்சம் இருங்க தம்பி, உள்ளே நடுக்கூடத்தில், உயரமாக வேணும்" என்று சொல்லுங்கள். ஃபைபர் வயரை இன்னும் பத்து மீட்டர் உள்ளே இழுப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை. மூலையில் கூர்மையாக மடக்காமல் வளைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள், கண்ணாடி இழை மடிப்பைத் தாங்காது. நடுக்கூடத்தில் வைக்கச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலன் 100-லிருந்து 300-க்குப் போவதற்கு இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதில் என்னை வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பாக்ஸ் டிவிக்குப் பக்கத்தில் இருப்பதால் டிவி பார்க்கிறவருக்கு எப்போதும் நெட் நன்றாக இருக்கிறது. "நம்ம வீட்ல நெட்டுக்கு என்ன குறை?" என்று அவர் மனசாரக் கேட்கிறார். வீட்டின் கடைசி அறையில் படிக்கிற பெண்ணும், அடுப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பாடம் எடுக்கிற மருமகளும், டேப்லெட்டுக்காகக் காத்திருக்கிற பாட்டியும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸ்பீடு பற்றி முடிவெடுக்கிறவர் ஒருவர், ஸ்பீடு கிடைக்காதவர் இன்னொருவர். எந்த வீட்டில் சோதனை செய்தாலும் சோபாவில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வீட்டிலேயே மோசமான இடம் எதுவோ அங்கே போய், அங்கே இருக்கிறவரிடம் கேட்டு, அங்கே அளந்து பாருங்கள்.

அக்கா வீட்டில் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. புது ரவுட்டர் ஒன்று வாங்கிக் கூடத்தில் உத்தரத்துக்குக் கீழே உயரமாக வைத்தோம். அதிலிருந்து முற்றத்து ஓட்டுச் சரிவின் ஓரமாக ஒரு பைப்புக்குள் லேன் கேபிளை விட்டு, இரண்டாம் கட்டின் மாடிவரை இழுத்தோம். அந்தப் பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாமல், செட்டிங்கில் 'ஆக்ஸஸ் பாயின்ட்' என்று மாற்றி, மாடி அறையிலேயே வைத்தோம். முன்னே வீட்டுக்கே போதாமல் இருந்தது, இப்போது ஓர் அறைக்குத் தாராளம். அங்கே இப்போது 40 மெகாபிட் வருகிறது. பிளக்கில் செருகுகிற ரிப்பீட்டர் வாங்கலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அது பாதி செத்த சிக்னலைப் பிடித்து மறுபடி பரப்பும். பெரும்பாலும் ஸ்பீடு பாதியாகிவிடும். வயர் இழுக்க முடிந்த வீட்டில் வயர்தான் நல்லது. வாடகை வீடு, சுவரைத் தொட முடியாது என்கிறவர்கள் இரண்டு மூன்று பாக்ஸ் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் வாங்கலாம், விலை கொஞ்சம் கூட. அடுத்த பில்லுக்கு முன்னால் அத்தான் பிளானை 100-க்கு இறக்கிவிட்டார்.

இனி, என் வீட்டில் நடந்தது. ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டு வந்த அன்று ராத்திரி, முக்கியமான ஒரு மீட்டிங்கில் என் குரல் எதிர்முனைக்குத் துண்டு துண்டாகப் போனது. அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது. டிவியும் ஓடியது. அப்புறம்தான் தெரிந்தது, மகனின் போன் வீட்டு வைஃபையைக் கண்டதும் கல்யாணத்தில் எடுத்த 6 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. என் பிளான் 50 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்குவதற்குத்தான் 50. ஏறுவதற்கு 10 மட்டுமே என்று இணைப்பு கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 6 ஜிபி என்பது 48,000 மெகாபிட். பத்து பத்தாக ஏற்றினால் 80 நிமிடம். அந்த 80 நிமிடமும் ஏறும் பாதை முழுக்க அடைத்துக்கொண்டு, என் குரல் வரிசையில் நின்றது.

பிளான் எடுக்கும்போது "அப்லோடு எவ்வளவு?" என்று கேளுங்கள். ஃபைபர் பிளான்கள் பலவற்றில் இரண்டும் சமம். 5ஜி கம்பியில்லா இணைப்புகளிலும் சில உள்ளூர் இணைப்புகளிலும் ஏறுவது குறைவு. படம் பார்க்கிற வீட்டுக்கு இது பெரிதில்லை. பாடம் எடுக்கிற, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற, யூடியூப் சேனல் நடத்துகிற, கேமரா காட்சிகளை வெளியே அனுப்புகிற வீட்டுக்கு இதுதான் முதல் கேள்வி. படங்கள் தானாக ஏறுவதை ராத்திரி பதினொன்றுக்கு மேல் என்று மாற்றிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ராத்திரி மட்டும் மந்தமாகிறது, விடியற்காலையில் பறக்கிறது என்று சில வாசகர்கள் எழுதியிருந்தீர்கள். நம் தெருக்களில் பெரும்பாலான ஃபைபர் இணைப்புகள் ஜிபான் என்ற முறையில் வருகின்றன. ஒரே இழையில் நொடிக்கு சுமார் 2,500 மெகாபிட் வருகிறது, அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் முழுசாக இழுப்பதில்லை என்பதால் இது நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கு மேலே, உள்ளூர் ஆபரேட்டர் வெளியிலிருந்து வாங்கும் அளவு குறைவாக இருந்தால் எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் சுற்றும். காலை ஆறு மணிக்கும் ராத்திரி எட்டரைக்கும் லேன் கேபிள் போட்டு ஒரு வாரம் அளந்து எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். எல்லோருக்கும் ராத்திரி விழுகிறது என்றால் பெரிய பிளானுக்கு மாறிப் பயனில்லை, ஆளைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் புகார் கொடுத்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அந்த ஒரு வாரக் கணக்கு கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. விளம்பரத்தில் 499 என்று இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 589 ஆகும். "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஓர் எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் வேகம் குறையும். 3,300 ஜிபி என்று இருந்தால் கவலையே வேண்டாம். 4கே படம் மணிக்கு 7 ஜிபி என்று வைத்தாலும் மாதம் முழுக்க தினம் பதினைந்து மணி நேரம் பார்த்தால்தான் தீரும். 5ஜி கம்பியில்லா இணைப்புகள் சிலவற்றில் எல்லை 1,000 ஜிபி. பெரிய டிவியும் பெரிய குடும்பமுமாக இருந்தால் அங்கே யோசிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பார்கள். புதுத் தெரு, புது ஆபரேட்டர் என்றால் முதல் இரண்டு மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள், ஒரு மழையையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கணவன் மனைவி இருவர் மட்டும், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச்சும் ஒரு டிவியும் என்றால் 30 போதும். நான்கைந்து பேர் சேர்ந்து தங்கி எல்லோரும் ஐடி வேலை என்றால் 100 எடுங்கள், அப்லோடும் 100 இருக்கட்டும்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறதே என்ற குறைக்கு வழி இருக்கிறது. தெருவில் ஃபைபரைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஒளி தானாகப் பிரிந்து போகும். நம் வீட்டு பாக்ஸுக்கும், ஆபரேட்டர் முனையில் உள்ள கருவிக்கும் கரண்ட் இருந்தால் போதும். அவர் பேட்டரி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், நம் பக்கம் ரவுட்டருக்கென்றே விற்கும் குட்டி யுபிஎஸ் ஒன்று வாங்கிவையுங்கள். தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் இதை நான் அத்தியாவசியம் என்றே சொல்வேன்.

அந்தக் காலண்டர் தாளை அக்கா பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். நேற்று அதை போட்டோ எடுத்து அனுப்பினாள். மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் பத்து நாள் வந்து தங்கப் போகிறதாம், அவர்கள் நான்கு பேரையும் கீழே சேர்த்து எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். "100 தாங்குமாடி?" என்று கேட்டிருந்தாள். கூட்டலைச் சரிபார்த்தேன், 61 வந்தது. பாதியைச் சேர்த்தால் 90 சொச்சம். தாங்கும் என்று பதில் எழுதினேன். பாட்டியின் பெயருக்கு நேரே இருந்த 2 மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. மகளே நேரில் வருவதால் அந்தப் பத்து நாள் வியாழக்கிழமை கால் கிடையாதாம்.

அன்புடன்,
ஆசிரியர்